நில் என்று சொல்லாமல் போனவளுக்கு

இல்லை, என் மைமூனே, இன்னும் உட்காரவில்லை.

நீ அப்படிக் கேட்டாய் என்று உன் உம்மா சொன்ன நாளிலிருந்து இந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பல் தேய்க்கும்போது. பஸ்ஸில். சோற்றைப் பிசைந்தபடி. வாய்விட்டுச் சொல்லியும் தீரவில்லை. எழுதுகிறேன்.

கல்லூரி மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. உனக்கு எழுத வருகிறது. மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

*

பி.எஸ்ஸி. கணக்கு வகுப்பில் பெண்கள் நாம் இரண்டு பேர். ஒரு பெஞ்ச். நீ கட்டுமாவடி, நான் கொடும்பாளூர். ஒரே புத்தகத்தில் குனிந்திருந்ததைப் பார்த்து, இரண்டு பேரும் சொந்தமா என்று பேராசிரியர் கேட்டார். நீ எழுந்து, மதினி சார் என்றாய்.

வெளியே வந்ததும் கேட்டேன். எனக்கு அண்ணன் கிடையாது, உனக்கும் கிடையாது. நீ ஓதுகிறவள், நான் திருநீறு பூசுகிறவள். எப்படி மதினி?

"அண்ணன் ஒருத்தன் இருக்கான்னு வச்சுக்குவோம்டி. கணக்குல வச்சுக்கிறதில்லையா?"

அன்றிலிருந்து இல்லாத ஒருவனை நடுவில் வைத்து நாம் உறவானோம். இப்போது யோசித்தால் முதுகு சிலிர்க்கிறது. நமக்கிடையில் எப்போதும் இல்லாத ஓர் ஆள் இருந்திருக்கிறான்.

*

லைப்ரரியின் கடைசி அலமாரியிலிருந்து அந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தது நீ. கம்ப்யூட்டர் பற்றியது. பத்திரிகைகளில் மின்மூளை என்று படம் போட்டிருந்தார்களே, அது. காலையில் வகுப்புக் கணக்கு, சாயங்காலம் அந்தப் புத்தகம். இரண்டும் ஒரே படிப்புத்தான் என்று நீ பிடிவாதமாகச் சொன்னாய். பேராசிரியர் வாங்கிப் புரட்டினார். பரீட்சைக்கு வராது என்று திருப்பிக் கொடுத்தார்.

நாம் போய்ப் பார்க்கிற தூரத்தில் அப்படியொரு மெஷின் இல்லை. அதனால் நாமே மெஷின் ஆனோம்.

எங்கள் ஊர் மூவர் கோயிலில் இரண்டு கோயில்தான் நிற்கிறது. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். சுற்றிலும் சின்னச் சன்னதிகள் இருந்த இடங்களும் வெறும் கல் மேடைகள். விடுமுறைக்கு என்னோடு வந்த நீ அங்கே நின்றுவிட்டாய். வருகிறவர்கள் சிற்பத்தைப் பார்ப்பார்கள். நீ காலி மேடைகளைப் பார்த்தாய்.

"இதெல்லாம் அறைடி. ஒவ்வொண்ணுலயும் ஒரு எண் வைக்கலாம்."

மேடைக்கு ஒரு சீட்டு, சீட்டின் மேல் ஒரு கூழாங்கல். அதுதான் மெஷினின் ஞாபகம். ஒருத்தி கட்டளைகளை எழுதி வைத்துவிட்டு மூன்றாவது கோயிலின் அடித்தளத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். மற்றவள் மெஷின். மேடை மேடையாக நடந்து, எழுதியிருப்பதை மட்டும் செய்வாள். யோசிக்கக்கூடாது. சிரிக்கக்கூடாது. யார் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. 'நில்' என்று சீட்டில் வரவேண்டும், அல்லது உட்கார்ந்திருப்பவள் வாயால் சொல்லவேண்டும். அதுவரை நடை.

இன்னொரு விதியும் நீ வைத்தாய். ஒவ்வொரு சீட்டிலும் பென்சிலால் மூன்று கட்டம் போட்டாய். எண் மூன்று இலக்கத்தைத் தாண்டினால் எழுத இடம் இருக்காது. இடம் தீர்ந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். நிஜ மெஷினும் அப்படித்தான் என்றாய்.

ஒரு முறை ஐந்தாம் அறையை ஆடு தின்றுவிட்டது. மெஷினாக நடந்துகொண்டிருந்த நீ காலி மேடை முன்னால் அசையாமல் நின்றாய். ஆடு மென்றது. நான்தான் சிரிப்பை அடக்கமுடியாமல் நில் என்றேன்.

தொல்பொருள் துறை வாட்ச்மேன் மாமா நம்மைச் சில நாள் கவனித்தார். கடைசியில் பக்கத்தில் வந்து கேட்டார்.

"என்னத்தா, ஒருத்தி சுத்துறா, ஒருத்தி ஒக்காந்துருக்கா. வேண்டுதலா?"

"கணக்குப் போடுறோம் மாமா."

"கணக்கு கையில போடுவாக. கால்லயா போடுவாக? ஆயிரத்தெட்டு சுத்து வேண்டியிருக்கோம்னு சொல்லிட்டுப் போ."

"ஆமா மாமா, ஆயிரத்தெட்டுதான்" என்றாய் நீ. அவர் திருப்தியாகப் போனார்.

*

மெஷினாக இருக்கும்போது ஒன்று நடக்கும். சில சுற்றுகளுக்குப் பிறகு நடப்பது நானில்லை என்று தோன்றும். கை எழுதும். நான் சற்றுத் தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உனக்கும் அப்படியா என்று கேட்டேன்.

"யாரோ நம்ம ஒடம்ப எரவல் வாங்கிட்டுப் போன மாதிரி இருக்கு" என்றாய். எனக்குப் பயமாக இருந்தது. உனக்குப் பிடித்திருந்தது.

நாம் ஒரே விஷயத்தில்தான் சண்டை போட்டோம். வகுப்பில் முடிவிலி நடத்திய நாள். எண்கள் வளர்ந்துகொண்டே போகும், எல்லையில்லை. எனக்கு அது வானத்தைப் பார்ப்பது போல இருந்தது. நீ முகத்தைச் சுளித்தாய். அவ்வளவு பெரிய எண்ணை எங்கே எழுதி வைப்பாய் என்று கேட்டாய். கணக்குக்கு இடம் வேண்டாம் என்றேன்.

"எடம் இல்லாம, ஒடம்பு இல்லாம திரியுறதுக்குப் பேரு என்னடி? ஒன் கணக்கு பேயி, மதினி. என் மெஷின்ல எல்லாத்துக்கும் ஒரு எடம் உண்டு. எடம் தீந்தா நிக்கும்."

அன்றைக்கு நான் ஜெயித்ததாக நினைத்தேன்.

*

பரீட்சைக்கு முந்தைய விடுமுறை. நீ ஊருக்குப் போகும் நாள். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. கடைசியாக ஒன்று ஓட்டிப் பார்ப்போம் என்றாய். உன்னுடைய கட்டளை, நான் மெஷின்.

மூன்றே கட்டளை. முதல் அறையின் எண்ணை இரண்டாம் அறையில் கூட்டு. முதல் அறையில் இரண்டைக் கழி. முதல் அறையில் பூஜ்யம் வந்தால் நில், இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்கு. முதல் அறையில் நீ வைத்த எண் ஏழு.

ஏழு. ஐந்து. மூன்று. ஒன்று. இரண்டாம் அறையில் பதினாறு சேர்ந்துவிட்டது. அடுத்து ஒன்றிலிருந்து இரண்டைக் கழிக்கவேண்டும். மைனஸ் ஒன்று. பூஜ்யத்தை மிதிக்காமல் தாண்டிவிட்டேன். இனி அது எப்போதும் வராது. எட்டு வைத்திருந்தால் வந்திருக்கும். இரண்டு இரண்டாகக் கழிக்கும்போது ஒற்றைப்படையில் தொடங்கக்கூடாது என்பது நமக்குப் பாலபாடம்.

மெஷின் சொல்லக்கூடாது. நடந்தேன்.

சேர்ந்ததெல்லாம் திரும்பிப் போக ஆரம்பித்தது. பதினைந்து, பன்னிரண்டு, ஏழு, வெறும் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் இரண்டாம் அறையில் வந்தது, நிற்கச் சொன்ன அறையில் இல்லை. அதையும் தாண்டிக் கீழே போனேன். சுற்றி வரும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் கை வைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சிரித்தாயா? வெயில் உன் பின்னால் இருந்தது. தெரியவில்லை.

ரோட்டில் பஸ் வருகிறது என்று வாட்ச்மேன் குரல் கொடுத்தார். நீ குதித்து இறங்கினாய். மிச்சத்தை வந்து பார்ப்போம் என்றபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாய். இரண்டாம் அறையில் மைனஸ் இருபது எழுதிக் கல்லை வைத்துவிட்டு நானும் பின்னால் ஓடினேன். பஸ் ஜன்னலில் உன் உதடு அசைந்தது. என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

என்ன சொன்னாய்?

*

காய்ச்சல் என்று கார்டு வந்தது. டைபாய்டு என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகு தந்தி. நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. வாசலில் நின்று திரும்பினேன். உம்மாவைப் பார்க்கும் தைரியம் அன்று இல்லை.

எண்ணுவது அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் தொடங்கியது. தொடங்கியது என்பது தவறு. நின்றிருக்கவே இல்லை என்பது அப்போது தெரிந்தது. மைனஸ் பதின்மூன்று, கூட்டு. மைனஸ் பதினைந்து, கூட்டு. தலைக்குள் யாரோ மேடை மேடையாக நடந்தார்கள்.

பரீட்சை ஹாலில் உன் நம்பர் என் பக்கத்து மேஜையில். உன் கேள்வித்தாளை வைத்து, பறக்காமலிருக்க அதன் மேல் ஒரு கல்லையும் வைத்தார்கள். அரை மணி கழித்து எடுத்துக்கொண்டார்கள். சீட்டின் மேல் கல். அதை அங்கே வைத்தவருக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும்?

ஒரு தொடர் எங்காவது போய்ச் சேருமா சேராதா என்று ஒரு கேள்வி. சேராது என்று நிரூபித்தேன். முழு மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

*

பரீட்சை முடிந்ததும் கட்டுமாவடி போனேன். உம்மா எனக்கு டீ போட்டுக் கொடுத்தாங்க. வாசலில் காய்ந்த மீன் வாடை. நீ சொன்ன அதே வாடை, நீ சொன்ன அதே அளவு காற்று. பிறகு உம்மாதான் ஆரம்பித்தாங்க.

"ஒன்னத்தான் கேக்கணும்னு இருந்தேன். காச்சல்ல கெடக்கும்போது அவ ஒண்ணு கேட்டா. 'அவ இன்னும் நடக்குறாளா உம்மா?' யாரு புள்ளன்னு கேட்டேன். சொல்லல. மறுக்கா, 'அவள ஒக்காரச் சொல்லுங்க'ன்னா. அதுக்குப் பெறகு பேச்சில்ல. யாரும்மா நடந்தது?"

"நான்தான் உம்மா."

உம்மா என் காலைப் பார்த்தாங்க. பாயில் மடக்கி வைத்திருந்த காலை. நெடுநேரம் பார்த்தாங்க.

"இப்ப ஒக்காந்துதான இருக்கே?"

இல்லை, மைமூன். தலைக்குள் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தேன். உட்கார் என்ற கட்டளை நம் மெஷினில் இல்லையே. நில் மட்டும்தானே உண்டு. அந்த ஒரு சொல்லை உம்மாவிடம் சொல்லி அனுப்ப உனக்கு ஏன் தோன்றவில்லை?

*

மெட்ராஸில் ஓர் எஞ்சினியரிங் கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அதில் கணக்குப் படித்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நாம் இரண்டு பேரும் மனுப் போட்டோமே, எனக்கு இன்டர்வியூ கார்டு வந்துவிட்டது. உன் வீட்டுக்கும் ஒன்று வந்திருக்கும். கார்டை மாடத்தில் வைத்தேன். பதில் எழுதவில்லை.

அம்மா தினம் கேட்கிறாள். போகப்போகிறாயா இல்லையா, ஏதாவது ஒன்று சொல்லித் தொலை என்கிறாள். உள்ளே ஒருத்தி ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும்போது நிஜ மெஷின் முன்னால் போய் நான் எப்படி உட்காருவது? இப்படியே போனால் மனது கலங்கிவிடும் என்றும் தெரிகிறது. சோறு இறங்கவில்லை. கூட்டுத்தொகை மைனஸில் லட்சங்களைத் தாண்டிவிட்டது.

நிறுத்திவிடவும் பயமாக இருந்தது. நில் சொல்லவேண்டியவள் நீ. நீ சொல்லும்வரை உனக்கு என்னிடம் ஒரு வேலை பாக்கி. மூன்றாவது கோயிலின் மேல் நீ உட்கார்ந்துதான் ஆகவேண்டும். நான் நின்றுவிட்டால் நீ எழுந்து போய்விடுவாய்.

நேற்று ரோட்டில் வாட்ச்மேன் மாமாவைப் பார்த்தேன். உன்னைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் கோபமாக இருந்தார்.

"முந்தாநேத்து வெயில்ல அம்புட்டு நேரம் சுத்திக்கிட்டிருந்த. கூப்புட்டேன், கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கலயே. படிச்ச புள்ளைக்கு அம்புட்டுத் திமிரா?"

அவர் சொன்ன நாளில் நான் புதுக்கோட்டையில் இருந்தேன். சர்டிபிகேட் வாங்கக் கல்லூரிக்குப் போயிருந்தேன். நீ போன பிறகு அந்தக் கோயில் பக்கம் நான் காலெடுத்து வைத்ததே இல்லை.

அவருக்குக் கண் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வேறு எவளோ சுற்றினாள் என்று வைத்துக்கொள்ளலாம். எதையும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்தவள் நீ.

*

இதுவரை எழுதியது காலையில். மீதியைச் சாயங்காலம் எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு போனேன். மேடைகளைச் சுற்றி ஓர் ஒற்றையடித்தடம் இருந்தது. புல் தேய்ந்து, மண் வெளுத்து. இத்தனை வாரம் யாரும் நடக்காத தடத்தில் புல் முளைத்திருக்கவேண்டாமா? தடத்தில் கால் வைத்தேன். என் காலுக்குச் சரியாக இருந்தது.

கல்லைத் தூக்கினேன். மழையில்லாததால் சீட்டு அப்படியே இருந்தது. மைனஸ் இருபது. என் கையெழுத்து. அதைச் சுற்றி நீ போட்ட கட்டங்கள்.

கட்டங்கள், மைமூன்.

லட்சங்களில் நான் எண்ணியதெல்லாம் தலைக்குள். அங்கே கட்டம் இல்லை. இடம் இல்லை, உடம்பு இல்லை, அதனால் முடிவும் இல்லை. நீ பேய் என்று சொன்னது அதைத்தான். நீ எனக்குக் கொடுத்ததோ மூன்று கட்டம். கல்லின் மேல் நான் இன்னும் மைனஸ் இருபதில்தான் இருந்தேன்.

நடந்தேன். மைனஸ் பதின்மூன்றைக் கூட்டி மைனஸ் முப்பத்துமூன்று. மைனஸ் நாற்பத்தெட்டு. அழித்து, அதே கட்டங்களில் எழுதி, கல் வைத்து, அடுத்த மேடை. சுற்றி வரும்போதெல்லாம் மூன்றாவது கோயிலின் பக்கம் பார்க்காமலிருந்தேன். மெஷின் பார்க்கக்கூடாது என்பது ஒரு காரணம். அங்கே ஒரு நிழல் கன்னத்தில் கை வைத்திருந்தது என்பது இன்னொன்று. வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார். திரும்பவில்லை.

மைனஸ் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து. முதல் அறையில் மைனஸ் அறுபத்துமூன்று. கூட்டினேன். எழுதக் குனிந்தேன். நான்கு இலக்கம். மூன்று கட்டம். பென்சில் காகிதத்தைத் தொட்டபடி நின்றது.

யாரும் நில் சொல்லவில்லை. நின்றேன்.

தலைக்குள்ளும் நடை நின்றது. வெகு நாட்களுக்குப் பிறகு குருவிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அடித்தளத்தின் மேல் வெயில் மட்டும் இருந்தது. போய்விட்டாய். எதற்குப் பயந்தேனோ அது.

வாட்ச்மேன் மூச்சிரைக்க வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கோபம் போய்விட்டது.

"முடிஞ்சிருச்சாத்தா? எத்தன?"

எழுத முடியாத அந்த எண்ணை வாயால் சொன்னேன். "ஆயிரத்தெட்டு மாமா."

"அதான பாத்தேன்" என்றார். "வேண்டுதல்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல."

அவர் போன பிறகும் அங்கேயே நின்று மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். ஐந்தில் தொடங்கியிருந்தால் ஆயிரத்துப் பதினைந்தில் நின்றிருக்கும். ஒன்பதில் தொடங்கியிருந்தால் ஆயிரத்து அறுபத்துநான்கு. ஒற்றை இலக்கத்தில் ஏழு வைத்தால் மட்டும்தான் ஆயிரத்தெட்டு. மைமூன், ஏழு தவறிப்போய் வைத்ததா? இல்லை, அந்த மாமா முகத்தைப் பார்ப்பதற்காக முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்த கேலியா? பஸ் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் அன்றே மூன்று பேரும் சிரித்திருப்போமா? அதனால்தான் காய்ச்சலில், இந்நேரம் முடித்திருப்பாளே, இன்னும் ஏன் நடக்கிறாள் என்று கேட்டாயா?

அடித்தளத்தில் ஏறினேன். உச்சி வெயிலில் கிடந்த கல். எங்கே தொட்டாலும் சுட்டது. நீ உட்காரும் இடம் மட்டும் சுடவில்லை. அங்கே உட்கார்ந்தேன்.

*

மெட்ராஸ் மெஷினுக்கு நான் கொடுக்கிற முதல் கட்டளை இந்த மூன்றும்தான். ஏழை எட்டாகத் திருத்தமாட்டேன். அதன் கட்டங்கள் நம்முடையதைவிட அதிகம், நேரமாகும். பரவாயில்லை. அது நிற்கும்வரை பக்கத்திலேயே இருப்பேன். பாதியில் எழுந்து பஸ்ஸுக்கு ஓடமாட்டேன்.

சீட்டுகளை எடுத்துக்கொண்டு, கற்களை அந்தந்த மேடையிலேயே வைத்தேன். வீட்டுக்கு வந்து கால் கழுவினேன். இன்டர்வியூவுக்கு வருகிறேன் என்று பதில் எழுதினேன். உம்மாவுக்கும் ஒரு கார்டு எழுதி இரண்டையும் தபாலில் சேர்த்தேன். உம்மா கார்டில் ஒரே வரி: உட்கார்ந்துவிட்டேன்.

நமக்கு ஓர் அண்ணன் இருந்ததாக வைத்துக்கொண்டு,
உன் மதினி
தெய்வானை